லாரி கேபினுக்குள் கணப்பு

சேலத்தையும் நாமக்கல்லையும் ஊடுருவிச் செல்கின்ற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தெற்கே கன்னியாகுமரிக் கடலோரத்தில் முடிகிறது; வடக்கே அது பனி மூடிய ஸ்ரீநகரைச் சென்று சேர்கிறது. ஆகையினால், மார்கழியின் உச்சத்தில்கூட ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு காலங்கழித்துவிடக்கூடிய இந்தச் சமவெளியைச் சேர்ந்த லாரி டிரைவர்கள், பிறந்த ஊரின் வாசலிலே தொடங்குகின்ற அதே சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், குடத்துத் தண்ணீர் உறைகின்ற குளிருக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ஸ்ரீநகர் வழியிலுள்ள பனிஹால், காஜிகுண்ட் பக்கங்களில் பனிப்பொழிவாலும் மண்சரிவாலும் பாதை அடைபட்டு, லாரிகள் நாள்கணக்கில் வரிசையாக நின்றுவிடுவது குளிர்காலந்தோறும் நிகழ்கின்ற காரியம். அந்த நாட்களில் டிரைவருக்கும் கிளீனருக்கும் சமையலறை, படுக்கையறை, திண்ணை எல்லாம் அந்தக் கேபின் ஒன்றுதான். சோறாக்குவதற்கென்று கூடவே கொண்டுசெல்கின்ற சிறிய கேஸ் அடுப்பை, சமையல் முடிந்த பின்பும் அணைக்காமல் சிறிது நேரம் எரியவிட்டால் குளிருக்கு இதமாக இருக்குமே என்ற எண்ணம், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கின்ற மனிதனுக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இங்கேதான் ஒரு புதிர் இருக்கிறது. வீட்டு அடுப்பங்கரையில் காலையிலும் மாலையிலும் அதே கேஸ்தான் எரிகிறது. பொங்கல் நாளில் மணிக்கணக்காக எரிகிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு வியர்க்கிறதே தவிர வேறொரு தீங்கும் வருவதில்லை. அதே அடுப்பு, அதே நீல ஜ்வாலை, மூடிய வண்டிக்குள் மட்டும் ஏன் உயிரைக் குடிக்க வேண்டும்? கசிந்தால் தெருவெல்லாம் நாறுகின்ற அந்த வாயு, எரிந்து கொல்லும்போது மட்டும் ஏன் சிறு வாடையும் காட்டாமல் கொல்ல வேண்டும்?

இது கற்பனையான அச்சம் அன்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரைக்கு அருகே, ஆள்நடமாட்டம் மிகுந்த சாலையோரத்தில் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினர் அதே வண்டியில் பரிசோதனை நடத்தி, குளிர்சாதனத்துக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்திலிருந்த ஓட்டையின் வழியாக உள்ளே ஏறியதைக் கண்டறிந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளிருந்த காற்றில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 950 பங்கு வரையில் உயர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர்கள் இருவர் விழிக்கவேயில்லை. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தினர் ஐவர், குளிருக்காக மூடிய வீட்டுக்குள் மூச்சடைத்து மாண்டார்கள். ஓரிடத்தில் ஜெனரேட்டர், ஓரிடத்தில் கரி, இன்னோரிடத்தில் கணப்புச் சாதனம். எரிந்த பொருள் எதுவாயினும் கொன்றது ஒரே வாயுதான்.

முதலில் சிலிண்டருக்குள் இருப்பது என்னவென்று பார்த்துவிடுவோம். எல்.பி.ஜி. என்று நாம் வழங்குவது, புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. சாதாரண உஷ்ணநிலையிலேயே, சற்று அழுத்தினால் திரவமாகிவிடுவதும், அழுத்தம் நீங்கினால் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிவிடுவதும் இவற்றின் சுபாவம். இந்தச் சுபாவத்தைப் பற்றி நாமக்கல்காரர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்திய மாநிலங்களின் எல்.பி.ஜி. டேங்கர் லாரித் தொழிலுக்கு இந்த ஊரே தலைமையிடம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரையில் கனமானது. அதனால் கசிந்த வாயு மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போகிறது. 2012 ஆகஸ்டில் கண்ணூருக்கு அருகே சாலா என்னுமிடத்தில் டேங்கர் ஒன்று கவிழ்ந்து, வாயு அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து தீப்பற்றி, 20 பேர் மாண்டது இந்தக் கனத்தினால் விளைந்த விபரீதமே. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே அந்தக் கலவை தீப்பிடிக்கும். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள கேபினின் கொள்ளளவு ஆறு கன மீட்டர். அதை வெடிக்கும் கூடமாக மாற்றுவதற்குக் கால் கிலோ வாயு போதும். சிலிண்டரைக் கேபினுக்குள் படுக்கைக்கடியில் வைக்கக் கூடாது, வெளியே, அடிப்பக்கத்தில் துளைகள் விட்ட பெட்டியில், நிமிர்த்தியே வைக்கவேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

ஆனாலும் கசிவு என்ற அபாயத்துக்குக் காவல் உண்டு. இயற்கையில் வாசனையற்ற இந்த வாயுவில், அழுகிய முட்டைகோஸை நினைவூட்டுகின்ற எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைச் சிறிதளவு கலந்தே விற்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தின் நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச்சு 18-ஆம் நாள், பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் வாடையில்லாமல் தேங்கியிருந்த எரிவாயு வெடித்து, ஏறக்குறைய 300 உயிர்கள், பெரும்பாலும் குழந்தைகள், பலியான பின்புதான் இந்த ஏற்பாடு அங்கே சட்டமாயிற்று. நம் வீட்டில் நாசியைச் சுளிக்க வைக்கின்ற அந்த நாற்றம், அந்தக் குழந்தைகளின் மரணத்தினால் உலகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு என்பதை நாம் மறக்கலாகாது.

குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி சென்டிகிரேடு வரையில் கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கும். பியூட்டேனோ, பூஜ்யத்தை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துவிடும். பனி நாடுகளின் பிரயாண வண்டிகளில் புரொப்பேனை மட்டுமே நிரப்புவதற்கு இதுவே காரணம். நம் நாட்டு வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனின் பங்கு மிகுதியாதலால், நாமக்கல் வெயிலில் ஜோராக எரிந்த அடுப்பு காஜிகுண்டில் முணுமுணுத்து அவிந்துபோகும். அப்போது சிலிண்டரைக் கவிழ்ப்பதும், அதன் அடியில் துணியைக் கொளுத்திக் காட்டுவதும் சிலருடைய வழக்கம். கவிழ்த்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயில் இறங்கி அடுப்பில் ஆளுயரத் தீயாகப் பீறிடும். தீ காட்டினால் என்ன ஆகும் என்பதை எழுதவும் வேண்டுமா?

இனி, கசியாமல், கவிழாமல், ஒழுங்காகவே எரிகின்ற அடுப்பைக் கவனிப்போம். எரிதல் என்பது, எரிபொருள் பிராணவாயுவோடு சேர்வதுதான். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிவதற்கு மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பிராணவாயு வேண்டும். அவ்வளவு பிராணவாயு ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்றில் அடங்கியிருக்கிறது. எரிந்த பிறகு அது மூன்று கிலோ கரியமில வாயுவையும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நீராவியையும் கொடுக்கிறது. கேபினுக்குள் அடுப்பை எரியவிட்டால் கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து வழிகிறதே, அது வெளியிலிருந்து வந்த ஈரமன்று. ஜ்வாலையே உண்டாக்கிய ஈரம்.

அளவு சொன்னால் விஷயம் விளங்கும். சிறிய பர்னர் ஒரு மணி நேரத்தில் 100 கிராம் வாயுவை எரிப்பதாக வைத்துக்கொள்வோம். படுத்துறங்கும் மனிதன் ஒருவன் ஒரு மணி நேரத்தில் உட்கொள்ளும் பிராணவாயு சுமார் 15 லிட்டர். இந்தச் சிறு தீயோ 270 லிட்டருக்கு மேல் உட்கொள்கிறது. அதாவது, டிரைவரும் கிளீனரும் மட்டும் படுத்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கின்ற அந்தக் கேபினில், கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் பதினெட்டுப் பேர் புகுந்து, ஒரே காற்றை மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடுக்குகள் எல்லாம் அடைக்கப்பட்டிருக்குமானால், ஒரு மணி நேரத்தில் கேபின் காற்றின் பிராணவாயு நூற்றுக்கு 21 என்ற இயல்பான பங்கிலிருந்து 16-க்கோ 17-க்கோ இறங்கிவிடும். வீட்டு அடுப்பங்கரையில் இது நேராததற்குக் காரணம், அடுப்பங்கரை பெரியது என்பது மட்டுமன்று. கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு, புகைபோக்கி என்று பல வழிகளிலும் புதுக்காற்று ஓயாமல் வந்துகொண்டிருப்பதும், சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவதுமே.

பிராணவாயு குறைவதோடு விவகாரம் நின்றுவிட்டால், தீ சோர்ந்து அணைந்துபோகும்; மனிதன் தலைவலியோடு தப்பிவிடவும் கூடும். ஆனால் சோர்கின்ற தீ அணைவதற்கு முன்பாகத் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. நன்றாக எரியும் பர்னரைக் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு துளையின் மேலும் கூர்மையான சிறு நீலக் கூம்பு ஒன்று அசையாமல் நிற்கும், அதைச் சூழ்ந்து வெளிறிய நீலத்தில் ஒரு போர்வை தெரியும். உட்கூம்பில் எரிபொருளின் கரி பாதி எரிந்து, அதாவது கரியணு ஒன்றுக்குப் பிராணவாயு அணு ஒன்றே கிடைத்து, கார்பன் மோனாக்சைடாகிறது. வெளிப் போர்வையில் அது இரண்டாவது அணுவையும் பெற்றுத் தீங்கு குறைந்த கரியமில வாயுவாகிறது. ஆகவே ஒவ்வொரு நீல ஜ்வாலையும் அந்த விஷத்தைக் கணந்தோறும் உண்டாக்கிக் கணந்தோறும் அழித்துக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை. காற்று பழுதாகிவிட்டால், அல்லது கொள்ளளவு பெரிதாயுள்ள குளிர்ந்த பாத்திரத்தைத் தீயின்மேல் நெருக்கி வைத்து வெளிப் போர்வையைக் குளிரச் செய்துவிட்டால், உண்டாக்குதல் நடக்கும், அழித்தல் நடக்காது. இரண்டும் நடப்பதைப் பூரண தகனம் என்றும், உண்டாக்குதல் மட்டும் நடப்பதை அபூரண தகனம் என்றும் சொல்லலாம். மஞ்சளாக நாக்கு நீட்டி ஆடுகின்ற ஜ்வாலை, எரியாத கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதனால் அந்த நிறத்தைப் பெறுகிறது. அது கண்ணுக்குத் தெரிகின்ற எச்சரிக்கை. ஆனால் பழுதான காற்றில் நீலமாகவே எரிந்துகொண்டு விஷத்தைக் கக்குகின்ற ஜ்வாலையும் உண்டாதலால், நிறத்தை மட்டும் நம்பி உறங்கிவிடுவது சரியன்று. கரியைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அது எரியும் விதமே பெரும்பாலும் அபூரணமானது.

இந்த வாயு சரீரத்துக்குள் என்ன செய்கிறது என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு லாரியைக் கொண்டே சொல்லிவிடலாம். இரத்தத்தின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்ற பொருள், நுரையீரலில் லோடு ஏற்றி, மூளையிலும் இருதயத்திலும் தசைகளிலும் லோடு இறக்குகின்ற வண்டி. ஒவ்வொரு வண்டியிலும் பிராணவாயுவுக்கு நான்கு இடங்கள். கார்பன் மோனாக்சைடும் அதே இடங்களில்தான் ஏறுகிறது. ஆனால் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலோடு ஏறுகிறது. சேர வேண்டிய ஊர் வந்தாலும் இறங்குவதில்லை. அதனினும் விபரீதம், ஓரிடத்தை அது பிடித்துக்கொண்டுவிட்டால், அதே வண்டியின் மற்ற மூன்று இடங்களிலுள்ள நல்ல சரக்கும் எளிதில் இறங்க மறுக்கிறது. நுரையீரலென்ற மண்டி நிறையப் பிராணவாயு கிடக்கிறது; சாலையில் வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன; ஊர் மட்டும் பட்டினியால் சாகிறது.

இப்போது வடகரையில் அளந்த அளவைத் திரும்பப் பார்ப்போம். பத்து லட்சத்தில் 950 என்பது, ஆயிரத்துக்கு ஒரு பங்குகூட நிறையவில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோ ஆயிரத்துக்கு 210 பங்கு. எண்ணிக்கையில் இருநூறு மடங்குக்கு மேல் குறைவாயிருக்கிற ஒன்று, பற்றுதலில் இருநூறு மடங்குக்கு மேல் மிகுதியாயிருப்பதனால், முடிவில் இரண்டும் ஹீமோகுளோபினைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரத்தத்தின் பாதி வண்டிகள் செயலற்றுப்போன மனிதன் நினைவிழந்து விழக் கூடும். அந்நிலை நீடித்தால் பிழைப்பது அரிது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டவேண்டும்.

இவற்றையெல்லாம் எப்படி அறிந்தார்கள் என்பது வியப்புக்குரிய வரலாறு. இவ்வாயு இரத்தத்தின் பிராணவாயுவை விரட்டிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்கிறது என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் 1850-களிலேயே காட்டினார். ஆனால் அதை அளவோடு நிலைநாட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1895-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக, விஷவாயு கலந்த காற்றைத் தாமே சுவாசித்துக்கொண்டு, அவ்வப்போது விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்து, நீரில் கரைத்து, அதன் நிறத்தைச் சாதாரண இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தம் ரோஜாச் சிவப்பாக இருக்கும். சாதாரண இரத்தக் கரைசல் அந்தச் சிவப்பை எட்டுவதற்கு எத்தனை துளி செஞ்சாயம் சேர்க்கவேண்டியிருக்கிறது என்று எண்ணி, எத்தனை பங்கு வண்டிகள் பறிபோயின என்பதை அவர் கணக்கிட்டார். நூற்றுக்கு ஐம்பது பறிபோகும்வரையில் தம் சரீரத்திலேயே சோதித்து, கால் தள்ளாடுவதையும் பார்வை மங்குவதையும் குறித்துவைத்தார். வேறொரு சோதனையில், எலியை இரண்டு மடங்கு அழுத்தமுள்ள சுத்தப் பிராணவாயுவில் வைத்தபோது, அதன் ஹீமோகுளோபின் முழுவதையும் விஷவாயு கைப்பற்றிய பின்பும் அது உயிரோடிருந்தது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் நேராகக் கரைந்த பிராணவாயுவே அதைக் காப்பாற்றியது. ஆகவே இவ்வாயு கொல்வது முக்கியமாகப் பட்டினி போட்டே என்பது பிரத்தியட்சமாயிற்று. மறு ஆண்டு வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தபோது, அவர் சென்று சடலங்களைச் சோதித்து, மாண்டவர்களில் பெரும்பாலோர் வெடியினால் அல்ல, வெடிக்குப் பின் எஞ்சிய இந்த வாயுவினாலேயே மாண்டார்கள் என்று காட்டினார்.

சுரங்கத்துக்குள் சிறு பிராணிகளைக் கொண்டுசெல்லுமாறு யோசனை கூறியவரும் அவரே. சிறிய உடம்பு வேகமாக மூச்சுவிடுவதால் விஷத்தை முந்தி உட்கொண்டு முந்தி விழும். கேனரிக் குருவிகள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரையில் இந்த வேலையைச் செய்தன. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது தூர தேசத்துச் செய்தியாகத் தோன்றாது. ஒரு நாள் வயதுக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் அளவில் உஷ்ணம் கொடுக்க வேண்டியிருப்பதால், புரூடர் என்ற கணப்பில் கேஸையோ கரியையோ எரித்து, பனிக்காற்று புகாதபடி நாற்புறமும் படுதாவை இறக்கிவிடுகிறார்கள். குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். வெப்பம் மிகுந்தால் விலகி ஓரத்துக்கு ஓடும். இரண்டையும் கண்ணால் கண்டு தீயைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் குவியாமலும் விலகாமலும், இறகு தொங்கி, வாய் பிளந்து, தூங்கிவழிகின்ற குஞ்சுகளைக் கண்டால், முதற்காரியமாகப் படுதாவின் மேல்விளிம்பை இறக்கிவிட வேண்டும். பிறகே மருந்தைத் தேடலாம். அனுபவமுள்ள பண்ணைக்காரர் எவ்வளவு குளிரானாலும் கூரையோரம் ஒரு சாண் இடைவெளி விடுவது இதனால்தான்.

குஞ்சு காட்டுகின்ற அந்தக் குறியை மனிதன் ஏன் தன்னிடத்தில் உணர்வதில்லை? நமக்கு மூச்சுத் திணறலை உண்டாக்குவது, பிராணவாயுக் குறைவைக் காட்டிலும், சரீரத்தில் கரியமில வாயு மிகுதலே என்பதையும் ஹால்டேனும் பிரீஸ்ட்லி என்பவரும் 1905-இல் நிறுவினார்கள். வாயையும் மூக்கையும் பொத்தினால் உடனே திமிறுகிறோம். ஆனால் கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைத் திருடும்போது, உள்ளே பிறக்கும் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருப்பதால், எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. லேசான தலைவலி, குமட்டல், அசதி. வண்டி ஓட்டிக் களைத்தவன் அவற்றைக் களைப்பென்றே எண்ணிப் படுத்துவிடுகிறான். கொரோனாக் காலத்தில் வீடுதோறும் வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கின்ற பல்ஸ் ஆக்சிமீட்டரும் இங்கே ஏமாற்றும். அது இரத்தத்தின் சிவப்பை ஒளியால் பார்த்துக் கணக்கிடுவது. விஷமேறிய இரத்தமும் சிவப்பாகவே இருப்பதால், சாகக் கிடப்பவனுக்கும் 98 என்று காட்டிவிடக் கூடும்.

ஆகவே என்னதான் செய்வது? குளிர் நாடுகளில், படுத்துறங்கும் வண்டிகளுக்குப் புரொப்பேன் கணப்பு அமைப்பவர்கள் கண்ட வழி, என் அபிப்பிராயத்தில், இந்த விஷயத்தில் சரியான ஒரே வழி: தீயின் மூச்சையும் மனிதனின் மூச்சையும் பிரித்துவிடுவது. தகரப் பெட்டிக்குள் தீ எரிகிறது. அதற்கு வேண்டிய காற்று வண்டிக்கு வெளியிலிருந்து ஒரு குழாயின் வழியே வருகிறது. எரிந்த வாயு மற்றொரு குழாயின் வழியே வெளியிலேயே போகிறது. பெட்டியின் சூடான உலோகச் சுவரை வெளிப்புறமாகத் தடவிக்கொண்டு போகின்ற காற்று மட்டுமே கேபினுக்குள் வருகிறது. உஷ்ணம் சுவரைக் கடக்கும், வாயு கடக்காது. இதைத் தனிமூச்சுக் கணப்பு என்று சொல்லிக்கொள்வோம். சில லாரிகளில் பொருத்துகின்ற டீசல் கணப்பும் இதே தத்துவத்தில் அமைந்ததே. அதன் புகைக்குழாயில் பனி அடைத்துக்கொள்ளாமலும், கோடையில் குளவி மண்கூடு கட்டாமலும், உலோகச் சுவரில் விரிசல் விழாமலும் ஆண்டுதோறும் பார்க்கவேண்டும்.

திறந்த தீயோடு கூடிய கணப்புகளிலும், நல்லவற்றில் ஒரு நுட்பமான காவலை வைத்திருக்கிறார்கள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் சூடாக்கினால் சிறு மின்னோட்டம் உண்டாகும் என்று சீபெக் என்பவர் 1821-இல் கண்டார்; அந்த வெப்ப மின்னிரட்டையை ஒரு சிறு வழிகாட்டித் தீயின் நுனியில் நிறுத்திவைக்கிறார்கள். அதில் பிறக்கின்ற மின்சாரமே ஒரு மின்காந்தத்தின் மூலம் வாயுவின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. அறைக் காற்றின் பிராணவாயு நூற்றுக்கு 18 அளவுக்கு இறங்கியதும், அந்தத் தீ துளையை விட்டு மேலெழும்பி அலைகிறது, கம்பி முனை ஆறுகிறது, காந்தம் கைவிடுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. மின்கலமும் வேண்டாத இந்த ஏற்பாடு மெச்சத்தக்கதே. ஆயினும் அது பிராணவாயுவைத்தான் காவல் காக்கிறது. பக்கத்திலுள்ள பெரிய பர்னர் அழுக்கடைந்து விஷத்தைக் கக்கினால் அதற்குத் தெரியாது. விழித்திருக்கும்போது அத்தகைய கணப்பைப் பயன்படுத்தலாம், உறங்கும்போது கூடாது. நம் சமையல் அடுப்புகளிலோ இந்தக் காவலும் இல்லை.

கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். சமைக்கின்ற நேரத்துக்கு, கீழே ஒரு வழியும் மேலே ஒரு வழியும் திறந்திருந்தால் போதும். கதவையே திறந்துவைப்பது இன்னும் நல்லது. உறக்கத்துக்கு இது பொருந்தாது. குளிர் மிகுந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவதே மனித சுபாவம். ஏற்றியதை நினைவுபடுத்த விழித்திருப்பவர் யாருமில்லை. என்ஜினை ஓடவிட்டு அதன் உஷ்ணத்தில் உறங்குவதும், சைலன்சரைப் பனி மூடியிருந்தாலோ தளத்தில் ஓட்டையிருந்தாலோ, வடகரையில் நேர்ந்ததையே நேர்விக்கும். கம்பளியும் ரஜாயும் அடுப்பைவிடப் பத்திரமானவை.

2025 அக்டோபர் முதல் தயாராகின்ற கனரக லாரிகளில் குளிர்சாதனக் கேபின் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. டிரைவர்களின் உழைப்பைச் சிறிதேனும் மதித்த நல்ல சட்டம் அது. ஆனால் குளிர்சாதனம் என்றால் இடுக்கில்லாத கேபின் என்று பொருள். பழைய கேபினின் பலகை இடுக்கு அறியாமலே செய்துவந்த உபகாரம் இனி இராது. ஆகையால் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பாடி கட்டுகின்ற பட்டறைக்காரர்கள் சில காரியங்களைத் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் கேபினுக்கு வெளியே, பக்கவாட்டில் கதவு திறந்து சமைக்கும்படியான பெட்டி அமையட்டும். தளத்தில் கம்பியும் குழாயும் நுழைகின்ற ஒவ்வொரு ஓட்டையும் ரப்பர் வைத்து அடைபடட்டும். படுக்கையில் தலைவைக்கும் மட்டத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டப்படட்டும். இவ்வாயு காற்றளவே கனமுள்ளதாதலால் மூச்சுவிடுகின்ற மட்டமே அதற்கு உரிய இடம். எல்.பி.ஜி. கசிவுக் கருவி வைப்பதானால், அது தரையோரத்தில் இருக்கவேண்டும்.

வடக்கே லோடு ஏற்றிச் செல்கின்ற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கேபினுக்குள் இருவருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால் அதைக் களைப்பென்று எண்ணாதீர்கள். தீயை அணைத்து, கதவைத் திறந்து, குளிரானாலும் உடனே கீழே இறங்குங்கள். மயங்கிக் கிடப்பவரை முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்துவந்துவிட்டு 108-க்குச் சொல்லுங்கள். வெறுங்காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள விஷத்தில் பாதி நீங்க நான்கைந்து மணி நேரமாகும்; சுத்தமான பிராணவாயு கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி நீங்கிவிடும். ஆதலால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். ஆக்சிமீட்டர் சொல்லாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.